அரை லோட்டாத் தண்ணீர்

எங்கள் வீட்டில் பேய் வந்தால் உச்சி வெயிலில்தான் வரும். நடுச்சாமம், புளியமரம், வெள்ளைச் சேலை என்று ஊரில் சொல்வார்களே, அந்தச் சங்கதியெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. கத்தரி வெயில் காயும் நாட்களில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஊரே கண்ணயரும் நேரத்தில், "தாயி" என்று ஒரு குரல் கேட்கும். அது மிரட்டுகிற குரல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூச்சத்தோடு ஒருத்தி கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நான் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். "இந்தக் கெழவி யாருக்குத் தண்ணி வக்கிது, காக்காய்க்கா?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்யும். காக்காய்க்குத்தான் என்று சொல்லிவிடுவேன். அதுகளிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

அது யுத்தம் நடந்த காலம். எனக்குப் பதினேழு வயது. புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டைக்குப் போகிற பாதையில், செம்மண் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். வீட்டில் ஆத்தாவும் நானும் மட்டும்தான். அண்ணன் இலங்கையில், மலைமேல் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தான். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். அவளுடைய பாட்டன் பூட்டன் நம் சீமையிலிருந்து போனவர்கள்தான் என்றாலும், அவள் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போடப் போகிறான் என்று பேச்சுக் கிளம்பியதும், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு இருந்தவளைத் தெரிந்த குடும்பம் ஒன்றோடு கப்பலேற்றி எங்களிடம் அனுப்பிவைத்தான். கையில் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பியிருந்தான்.

ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஐந்தாவது வரை படித்தவள், ஆகையால் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் வாயால்தான் பேசும். "இவளுக்கு நம் ஊர் வெயில் பழக்கமில்லை. சூடு தாங்கமாட்டாள். வெயில் காலத்தில் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று அண்ணன் எழுதியிருந்தான். ஆத்தா அதைக் கேட்டுச் சிரித்தாள். "வெயிலு என்ன புலியா, பாத்துக்கிட்டு இருக்குறதுக்கு? நம்மல்லாம் இல்லையா இங்க?" என்றாள். நானும் சிரித்தேன். அந்தக் கடிதத்தை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மறுபடி அதை எடுத்துப் படித்தது அவள் செத்த பிறகு.

அண்ணி வந்தது தை மாதம். எங்களுக்கு அது கொடுங்குளிர். விடியற்காலையில் பல்லெல்லாம் கிட்டிக்கும். தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, வைக்கோலைக் கொளுத்தி அதைச் சுற்றி உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டோம். வந்த மறுநாள் காலையில் அண்ணி ஒற்றைச் சேலையோடு கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். குளித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ஆத்தா பதறிப்போய், "அடி ஆத்தே, புள்ளத்தாச்சி, வெறச்சுப் போயிருவ!" என்று ஓடினாள். அண்ணிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "இதுவா அத்தே குளிரு? எங்க மலையில விடியக்காலம் புல்லு மேல பனி உப்பு கணக்காக் கெடக்கும். அதுல வெறுங்காலோட கொழுந்தெடுக்கப் போவோம்" என்றாள்.

அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு ஊர்ப்பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு விடியற்காலையில் எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். சர்க்கஸ் பார்க்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஆத்தாவுக்குக் கவலை. அவள் முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "பொறந்ததுலேருந்து பட்ட குளிரு, எலும்புக்குள்ள ஊறிக் கெடக்கு. அதான் ஒறைக்கல. இப்பத் தெரியாது. பேறுகாலத்துலதான் அது வெளிய வரும். இந்த ஒடம்புக்கு மத்தவளுக்குக் குடுக்குறதவிட ரெண்டு பங்கு சூடு குடுக்கணும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அவள் சொன்னதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆத்தாவைப் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மருமகள் வந்த நாளிலிருந்து அவளுக்கென்று தனியாக நெய் உருக்கி வைத்தவள். எனக்கு வாங்கித் தராத கண்டாங்கிச் சேலையை அவளுக்கு வாங்கித் தந்தவள். அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தங்கை, என் சின்னாத்தா, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜன்னி கண்டு செத்துப்போனாளாம். அந்தச் சாவை ஆத்தா பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளின் அறைக்குள் பச்சைத்தண்ணீர் போவது கிடையாது.

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் கதை மாறியது. நாங்கள் துண்டையும் போர்வையையும் மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக நடமாடத் தொடங்கினோம். அண்ணி ஒடுங்கத் தொடங்கினாள். முதலில் கழுத்தில் வேர்க்குரு வந்தது. பிறகு முதுகெல்லாம் சிவந்து தடித்தது. சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஆனால் நான் சாணி மெழுகிய ஈரம் காயாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அது காய்ந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வாள். தரை முழுக்கக் காய்ந்த பிறகு எழுந்து போய்க் கிணற்றடி வாழைக்கு நீர் போகிற வாய்க்காலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆத்தா அதைப் பார்த்துவிட்டால் கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்துவிடுவாள்.

அவளும் நானும் நல்ல சிநேகிதமாகிவிட்டோம். வயதில் என்னைவிட மூன்று நான்கு வருஷம்தான் மூத்தவள். என்னைத் "தாயி" என்றுதான் கூப்பிடுவாள். மலையில் மஞ்சு இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது, பேச்சுக் குரல் மட்டும்தான் வரும் என்பாள். நான் நம்பமாட்டேன். இங்கே மத்தியானத்தில் மணல் காலைப் பொசுக்கும் என்று நான் சொன்னதை அவளும் நம்பவில்லை. ஒருநாள் செருப்பில்லாமல் ஊருணிக்கு என்னோடு கிளம்பிவிட்டாள். பாதி வழியில் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குதித்ததைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு கருவேல மர நிழலில் நின்று காலைத் தடவிக்கொண்டே, "இதுக்குள்ள எப்படி தாயி இருக்கீங்க எல்லாரும்?" என்று கேட்டாள். "வேற எங்கிட்டுப் போயி இருக்குறது?" என்றேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "காத்து எப்ப வரும்?" என்றாள். ஆடியில் வரும் என்றேன். விரல்விட்டு மாதத்தை எண்ணினாள்.

சித்திரைக் கடைசியில், கத்தரி பிறந்த சில நாளில், அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து, விடியும் நேரத்தில் நல்லபடியாகப் பெண் பிறந்தது. அதிகச் சிரமம் இல்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு, "பச்சத்தண்ணியும் பச்சக்காத்தும் படாமப் பாத்துக்கங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டுப் பேறுகால அறை என்பது நெல் குதிர் இருக்கும் உள்ளறைதான். ஜன்னல் கிடையாது. மேலே ஓடு. ஆத்தா அறையின் மூலையில் சட்டி நிறையக் கங்கு போட்டு வைத்தாள். மற்ற வீடுகளில் ஒரு சட்டி வைப்பார்கள். அண்ணியின் குளிர் நாட்டு உடம்பை நினைத்து ஆத்தா இரண்டு சட்டி வைத்தாள். காதில் பஞ்சு, தலையில் இறுக்கிய துணி. மூன்று வேளையும் சுக்கு, மிளகு, திப்பிலி இடித்துப் போட்ட மருந்து. குடிக்கச் சங்கு அளவில் சுக்கு வெந்நீர். முதல் மூன்று நாளும் கதவு சாத்தியே இருக்க வேண்டும். கதவுக்கு வெளியே உட்கார்ந்து காவல் காப்பது என் வேலை. உள்ளே பச்சைத்தண்ணீர் போகக்கூடாது, அவள் வெளியே வரக்கூடாது.

முதல் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆத்தா உள்ளே போகும்போதெல்லாம், "எரியுது அத்தே, அந்தச் சட்டிய மட்டும் எடுத்துருங்க" என்பாள். "பொறுத்துக்க ஆத்தா, ஒன் நல்லதுக்குத்தான். உள்ள இருக்குற குளிரு எறங்குறப்ப அப்படித்தான் எரியும்" என்று ஆத்தா அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் எரிகிறது என்று சொல்லச் சொல்ல, மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

இரண்டாம் நாள் உச்சிப் பொழுது. மருந்துக்குக் கருப்பட்டி தீர்ந்துவிட்டது என்று ஆத்தா வல்லத்திராக்கோட்டைக் கடைக்குப் போயிருந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கதவுக்கு வெளியே நான் ஓலை விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்த எனக்கே சேலை நனைந்து முதுகில் ஒட்டியது. உள்ளேயிருந்து, "தாயி" என்று குரல் கேட்டது.

"என்ன அண்ணி?"

"கதவக் கொஞ்சம் தொற. மூச்சு முட்டுது."

திறந்தேன். உள்ளே இருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. அவள் பாயை விட்டு உருண்டு, கதவோரத்தில் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். கதவின் அடியில் இருந்த சந்துக்கு மூக்கைக் கொண்டு வந்திருந்தாள். பிள்ளை பாயில் தூங்கியது. அண்ணியின் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடு தாயி. நான் அத்தகிட்டச் சொல்லமாட்டேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் மண்பானையிலிருந்து லோட்டாவில் பாதி மொண்டு கொண்டுவந்தேன். பாதிதான். முழுதாகக் கொடுக்கப் பயம். அவள் எழுந்து உட்காராமல், தலையை மட்டும் தூக்கி, இரண்டு கையாலும் லோட்டாவைப் பிடித்துக் குடித்தாள். கடைசிச் சொட்டுக்காக லோட்டாவைக் கவிழ்த்து நாக்கில் தட்டிக்கொண்டாள். பிறகு அதை என்னிடம் நீட்டி, "இன்னொரு வாய்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒருமுறைகூடப் பார்த்திராத சின்னாத்தாவின் நினைப்பு வந்தது. "போதும் அண்ணி, ஜன்னி வந்துரும்" என்றேன். "ஒரே ஒரு வாய் தாயி" என்றாள். நான் லோட்டாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் எழுத வேண்டும், வாங்கினேன் என்று எழுதினால் பொய். கதவைச் சாத்திவிட்டு, லோட்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கதவுக்குப் பின்னால் அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை "தாயி, தாயி" என்று கூப்பிட்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிடுவது நின்றது. அவள் பேசத் தொடங்கினாள், ஆனால் அது என்னிடம் இல்லை. "மஞ்சு எறங்கிருச்சு. கம்பளிய எடு. மழ வருது, கூடைய மூடு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆத்தா பொழுது சாய வந்தாள். அண்ணியின் உடம்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அப்படிக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் மேலே சொருகியிருந்தது. "அய்யோ, ஜன்னி!" என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தோம். சட்டியில் புதுக் கங்கு போட்டோம். உள்ளங்காலில் சுக்கு அரைத்துத் தேய்த்தோம். குளிர் போனதும் மடித்து வைத்திருந்த போர்வைகளை எல்லாம் போர்த்தினோம். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் இலங்கையிலிருந்து கொண்டுவந்திருந்த கம்பளியை எடுத்து மூடினாள் ஆத்தா. அதில் விறகுப் புகையும் தேயிலைத் தூளும் கலந்த மலை வாசனை இன்னும் இருந்தது. மலைக்குளிருக்கென்று நெய்த கம்பளியைக் கத்தரி வெயிலில் அவள் மேலே போர்த்தி, நான்கு பக்கமும் செருகிவிட்டவள் நான்.

மறுநாள் உச்சிக்கு முன்னால் போய்விட்டாள்.

எல்லோரும் அழுது முடித்து எடுத்துக்கொண்டு போன பிறகு ஆத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "நெசத்தச் சொல்லு. நான் இல்லாதப்பப் பச்சத்தண்ணி குடுத்தியா?" என்று கேட்டாள். "இல்ல ஆத்தா" என்றேன். என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அப்ப விதிதான்" என்று சொல்லித் தோளை விட்டாள். அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். "ஜன்னி கண்டு இறந்துபோனாள், எவ்வளவோ பார்த்தோம்" என்று ஆத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எவ்வளவோ பார்த்தோம் என்பது சத்தியம்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நான் ஒரு கொலைகாரியாக அந்த வீட்டில் வாழ்ந்தேன். அந்த அரை லோட்டாத் தண்ணீர்தான் அவளைக் கொன்றது என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உச்சி நேரத்துக் குரல் அந்த வருஷமே ஆரம்பித்துவிட்டது. ஏன் எனக்குத் தண்ணீர் கொடுத்தாய் என்று கேட்பதற்காகவே அவள் வருகிறாள் என்று நினைத்தேன். பிள்ளையை ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தோம். அது என் இடுப்பை விட்டு இறங்காது. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற பெண்ணைக் கேட்டு யார் வருவார்கள்? எனக்குக் கல்யாணப் பேச்சே நின்றுபோனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. எனக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான் என்றே இருந்தேன்.

அந்தப் பிள்ளைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. அவள் அம்மா குதித்த அதே மணலில் மத்தியானத்தில் வெறுங்காலோடு ஓடும். ஓடிவந்து தண்ணீர் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் கொடுக்க எனக்குத் துணிவு வராது.

யுத்தம் முடிந்து கப்பல் போக்குவரத்து சரியானதும் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளையைப் பார்க்க வேண்டும், தன் மாமியாரும் பேத்தியைப் பார்க்கத் துடிக்கிறார், கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தான். புதுக்கோட்டையில் ரயிலேறி, மண்டபத்து முகாமில் பரிசோதனைக்கென்று சில நாள் அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தோம். ஆத்தா வரவில்லை. கிளம்பும்போது அண்ணியின் கம்பளியை எடுத்து என் மூட்டையில் வைத்தாள். "அங்கிட்டுக் குளிருமாம். புள்ளைக்குப் போத்திவிடு" என்றாள்.

ரயில் மலையேற ஏற எனக்கு உடம்பு ஒவ்வொரு இடமாக மரத்துக்கொண்டு வந்தது. தோட்டத்தில் இறங்கியபோது என் தாடை ஆடுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் மெல்லிய சட்டையோடு சாவகாசமாக நின்று பேசினார்கள். குழாயில் கை வைத்தேன். தண்ணீர் சுட்டது. சத்தியமாகச் சுட்டது, நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். குளிரும் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நல்ல வெய்யக் காலத்துல வந்திருக்கு, இதுக்கே இப்படி நடுங்குதே இந்தப் புள்ள" என்று அங்கே இருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் கிணற்றடியில் நின்று அண்ணியைப் பார்த்த கூட்டம் எனக்கு நினைவு வந்தது. இப்போது சர்க்கஸ் நான்.

அண்ணியின் தாயார், நான் அத்தை என்று கூப்பிட வேண்டியவர், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றிருந்தார். பேத்தியை வாங்கி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வா தாயி" என்றார். அதே குரல், அதே கூச்சம். நான்கு வருஷமாக உச்சி வெயிலில் நான் கேட்டது அந்த வாயிலிருந்து வந்தது. அண்ணி அந்தச் சொல்லை எங்கே கற்றாள் என்று நான் யோசித்ததே இல்லை.

முதல் சில நாள் நான் அடுப்பை விட்டு நகரவில்லை. அத்தைக்குக் கதவு திறந்திருந்தால்தான் பிடிக்கும். ஆனால் என்னைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு எப்படி இருக்கு தாயி? கதவச் சாத்தணுமா, தெறந்து வைக்கட்டுமா?" என்று கேட்டார். சாத்துங்கள் என்றேன். உடனே சாத்திவிட்டு, தான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். "எங்களுக்குப் பழகிப்போச்சு. ஒனக்குப் புதுசுல்ல" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் அண்ணியை அப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளாகச் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்தக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கை வரவில்லை. பிள்ளைக்குப் போர்த்திவிட்டு நான் நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பிள்ளை பெற்றவள் "தண்ணி" என்றாள். தோட்டத்து மருத்துவச்சியம்மா ஒரு செம்பு நிறைய எடுத்து அப்படியே அவள் கையில் கொடுத்தாள். நான் என்னை அறியாமல், "குடுக்காதீங்க! ஜன்னி வந்துரும்! செத்துப்போயிருவாங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே செம்பைக் காலி செய்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் கொடுத்தார்கள். "புள்ள பெத்தவளுக்குத் தாகம் எடுக்காதா? என்ன புள்ள நீ!" என்று மருத்துவச்சியம்மா சிரித்தாள்.

அடுத்த மூன்று நாளும் உச்சிப் பொழுதில் நான் அந்த வாசலில் போய் நின்றேன். ஜன்னி வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன். முதல் நாள் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு தேயிலைச் செடிக்கு நடுவே நடந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மஞ்சு இறங்கியது. அண்ணி சொன்னது உண்மைதான், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணி எதனால் செத்தாள் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தெரிந்தது. நான் கொடுத்த தண்ணீருக்காக நான்கு வருஷம் அழுதிருக்கிறேன். அழ வேண்டியது கொடுக்காத தண்ணீருக்கு. ஏன் கொடுத்தாய் என்று கேட்க அவள் வரவில்லை. அவள் இன்னும் அதே ஒரு வாய்த் தண்ணீரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஊர் திரும்ப நாள் குறித்தாயிற்று. பிள்ளை அப்பனோடும் பாட்டியோடும் இருப்பது என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். வெளியே தூறல். பிள்ளை கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து மகளின் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அத்தை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாயி, ஒன்னு கேக்கணும். எம்புள்ள கடைசியா என்ன கேட்டுச்சு?"

உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் அதற்குத்தான் காத்திருப்பாள். ஆனால் என் வாயில் அது வரவில்லை.

"தண்ணி கேட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார். "குடுத்தியா?"

"குடுத்தேன்" என்றேன்.

அத்தைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. என் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டு அழுதார். "அது போதும். தொண்ட நனஞ்சு போனாளே, அது போதும் தாயி. நீ கொறையில்லாம இருப்ப" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் கால் சில்லிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் மேலிருந்த கம்பளியின் ஒரு முனையை இழுத்து என் காலை மூடிவிட்டார். நான் தடுக்கவில்லை. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குக் குளிர் விட்டது.

அந்த வாழ்த்துப் பலித்துவிட்டது. பின்னால் எனக்குக் கல்யாணமும் ஆனது, பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று குறையில்லாமல்தான் இருக்கிறேன். ஆத்தா கேட்டபோது தண்ணீர் கொடுக்கவில்லை என்றேன். அத்தை கேட்டபோது கொடுத்தேன் என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் இன்னொரு வாய் கேட்டாள் என்பதையும், நான் லோட்டாவைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன் என்பதையும் அவர்களிடம் சொல்லவே இல்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.